துணியில் வெட்டிய நிழலுருவம்: ஓரம் தைப்பதிலிருந்து சுவரில் மாட்டுவது வரை

பக்கவாட்டு முகத்தை ஒரே நிறத் துணியில் வெட்டி, வெளிர் துணி மேல் ஒட்டிவிட்டீர்கள். மூக்கும் மோவாயும் கொண்டையும் சரியாக விழுந்திருக்கின்றன. வீட்டில் யாரோ எட்டிப் பார்த்து, "அட, நம்ம பெரியம்மா!" என்று சொல்லியும் ஆயிற்று. நிறைய பேர் இதோடு வேலை முடிந்தது என்று நினைத்து நேராக பிரேம் கடைக்கு எடுத்துப் போகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மூக்கு நுனியில் நூல் பிரிந்திருக்கும், துணி நடுவில் தொய்ந்திருக்கும், கண்ணாடிக்குள் பூஞ்சை பூத்திருக்கும்.

நிழலுருவத்தில் கண் இல்லை, சிரிப்பு இல்லை, தோல் நிறம் இல்லை. ஆள் யாரென்று சொல்வது ஓரக் கோடு மட்டும்தான். அது ஒரு மி.மீ. தடித்தாலோ இழுபட்டாலோ படம் வேறு யாரோ ஆகிவிடும். அதனால் தையல், இஸ்திரி, கண்ணாடி, விளக்கு என்று எதை முடிவு செய்தாலும் முதலில் ஒன்றைப் பாருங்கள்: இதனால் ஓரத்துக்கு என்ன ஆகும்? இந்த வழிகாட்டி முழுக்க அதையே பிடித்துக்கொண்டுதான் போகிறது.

முகம் 6 முதல் 7 இன்ச் உயரம், பின்னால் கொடுக்கும் அட்டை 10 x 12 இன்ச் என்று வைத்துக்கொண்டு அளவுகளைச் சொல்கிறேன். உங்கள் படம் பெரிதோ சிறிதோ, அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பின்னணித் துணி மட்டும் அட்டையை விட நான்கு பக்கமும் 2 இன்ச் கூடுதலாக, அதாவது 14 x 16 இன்ச் இருக்க வேண்டும். படத்தை ஒட்டியதும் மிச்சத் துணியை வெட்டிப் போடாதீர்கள். அது இல்லையென்றால் பின்னால் இழுத்துக் கட்ட வழியில்லை.

துணியும் நிறமும்

இன்னும் வெட்டாதவர்களுக்காக இது. வெட்டி முடித்தவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

நிழலுருவம் என்றாலே கருப்பு என்பது ஐரோப்பாவிலிருந்து வந்த வழக்கம். அங்கே 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் கருப்புத் தாளில் முகம் வெட்டிக் கொடுப்பது ஒரு தொழிலாகவே இருந்தது. 1839-இல் புகைப்படம் பொதுவுக்கு வந்த பிறகு அந்தத் தொழில் மெல்ல மங்கியது. நம் வீடுகளில் கருப்பை எடுத்துக்கொண்டு போய் கல்யாணப் பரிசாக நீட்டினால் பாட்டி முகம் சுளிப்பார். அரக்கு, கரும்பச்சை, இண்டிகோ நீலம், காப்பிக்கொட்டை நிறம் எல்லாமே கருப்பு அளவுக்கு எடுப்பாக நிற்கும். அடர்த்தியான நிறமா, பின்னணி வெளிறியதா என்பதுதான் கணக்கு. மொபைலில் இரண்டு துணிகளையும் சேர்த்துப் படம் எடுத்து, கருப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த ஜோடி வேண்டாம்.

தலைகீழாகவும் செய்யலாம். கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லப்பாடியில் பாறை மேல் வெள்ளை நிறத்தில் தீட்டிய பழங்கால ஓவியங்கள் இருக்கின்றன. குதிரை மேல் ஆட்கள், உள்ளே ஒரு கோடும் இல்லாத வெறும் வெள்ளை வடிவங்கள். கண் காது எதுவும் வரையாமலே ஆள் தெரிகிறது, ஆட்டமும் தெரிகிறது. அரக்குத் துணி மேல் வெள்ளைக் காடாவில் முகம் வெட்டினால் அந்த அழகு கொஞ்சம் வரும்.

துணிக்கு அலைய வேண்டியதில்லை. குட்டி சூரத் என்று பெயர் வாங்கிய, அதே கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூரில் ஜவுளிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பிட்டுத் துணி மலிவாகக் கிடைக்கும். நெருக்கமாக நெய்த பருத்தி பாப்ளின் முதல் தேர்வு. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இழைகளுக்கு நடுவே ஓட்டை தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஓட்டை தெரியும் துணி ஓரத்தில் பிரியும்.

தைக்க உட்காரும் முன்

படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து ஆறேழு அடி தள்ளி நின்று பாருங்கள். அப்புறம் மொபைலில் படம் எடுத்து, இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத கோணல் திருப்பியதும் பளிச்சென்று தெரியும். மேலுதட்டுக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள பள்ளம், மோவாய்க்குக் கீழே கழுத்து சேரும் இடம், நெற்றி முடிந்து முடி தொடங்கும் இடம், இந்த மூன்றிலும்தான் ஆள் மாறிப்போவார். திருத்துவதாக இருந்தால் இப்போதே சின்ன வளைந்த கத்தரியால் திருத்துங்கள். தையல் விழுந்த பிறகு முடியாது.

சாக்பீஸ் கோடு இருந்தால் காய்ந்த பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். மெழுகு கலந்த டெய்லர் சாக் என்றால் அதன் மேல் இஸ்திரி வைக்கக் கூடாது, சூட்டில் உருகித் துணிக்குள் இறங்கிவிடும். அடர் நிறத் துணியில் ஒட்டியிருக்கும் பஞ்சு, முடி எல்லாவற்றையும் செல்லோ டேப்பைக் கையில் திருப்பிச் சுற்றிக்கொண்டு ஒற்றி எடுக்கலாம்.

சாயம் போகுமா என்று இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். மிச்சமான துண்டு ஒன்றின் மேல் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறை ஒட்டினால் இந்தப் படத்துக்கு இனி ஈரமே ஆகாது. நீராவி இஸ்திரி கூடாது, தண்ணீர் தெளிக்கக் கூடாது, ஈரப்பசையும் கூடாது. உப்போ வினிகரோ போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். இன்றைய ஆலைச் சாயங்களில் அதை நம்பி இறங்க முடியாது.

ஓரம்

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது.

முதல் வழி, தைக்காமலே விடுவது. இஸ்திரிச் சூட்டில் இருபக்கமும் ஒட்டும் ஃபியூசிங் வலையை வைத்து, அது ஓரம் வரை முழுதாகப் பிடித்திருந்தால், கண்ணாடிக்குள் போகப்போகும் படத்துக்குத் தையலே தேவையில்லை. கோடு கத்தி போலக் கூர்மையாக நிற்கும். ஃபெல்ட் துணிக்கும் இதுவே நல்லது, அதில் பிரிய இழையே கிடையாது. கண்ணாடி போடாமல் தொங்கவிடப் போகிறீர்கள் என்றால் மட்டும் தையல் வேண்டும்.

இரண்டாவது வழி கைத்தையல். ஆறு இழை எம்ப்ராய்டரி நூலில் ஒரே ஒரு இழையைப் பிரித்து எடுங்கள். நிறம் முகத் துணியின் நிறமாகவே இருக்கட்டும். ஊசியைப் பின்னணித் துணியின் அடியிலிருந்து, முகத்தின் ஓரத்தை உரசினாற்போல் வெளியே எடுத்து, முகத் துணிக்குள் 1.5 மி.மீ. தள்ளிக் குத்தி இறக்குங்கள். மேலே தெரிவது ஒரு சின்னப் புள்ளி. அடுத்த புள்ளி 3 மி.மீ. தள்ளி. நேரான கழுத்து, தோள் பகுதிகளில் 4 மி.மீ. கூட விடலாம். மூக்கு நுனி, உதடுகள், இமை போன்ற முனைகளில் 2 மி.மீ.க்குள் வாருங்கள். முனையில் மட்டும் தையலை முனையின் திசையிலேயே போட வேண்டும். குறுக்காகப் போட்டால் நூல் இழுத்து நுனி உருண்டுவிடும்.

உதடுகள் சேரும் பள்ளம் இன்னும் சிரமம். அங்கே வெட்டு உள்ளே ஓடுவதால் பிரிய முதலில் தொடங்குவதும் அங்கேதான். பள்ளத்தின் அடியில் ஒரே இடத்தில் இரண்டு தையல் போட்டு நிறுத்தினால் போதும். நூலை இறுக்காதீர்கள். விரலால் தடவும்போது துணி சுருங்கியது போல் தெரிந்தால் அந்தத் தையலை அவிழ்த்துத் திரும்பப் போடுங்கள்.

பிளாங்கெட் தையல் போடுபவர்கள் உண்டு. கூந்தலுக்கும் புடவை மடிப்புக்கும் அது அழகு. முகத்தின் முன்பக்கக் கோட்டில் மட்டும் வேண்டாம் என்பேன். அந்த நூல் ஓரத்திலேயே படுத்துக் கிடப்பதால் கோடு வெளியே நகரும், மெலிந்த முகத்துக்கு இரட்டை மோவாய் வந்துவிடும்.

மூன்றாவது வழி மிஷின். ஜிக்ஜாக் அகலம் 1.5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. நெருக்கமாக அடைக்கும் சாட்டின் தையல் குழந்தைகளின் கரடி பொம்மைக்கு நன்றாக இருக்கும், முகத்துக்கு அல்ல. மிஷினை வளைவில் திருப்பும்போது ஊசி துணிக்குள் இறங்கியிருக்க வேண்டும். அழுத்தும் காலைத் தூக்கி, கொஞ்சம் திருப்பி, மறுபடி தையுங்கள். மூக்கைச் சுற்றி நான்கைந்து தடவையாவது நிறுத்தித் திருப்ப வேண்டி வரும்.

அலங்காரத்தை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். மூக்குத்திக்கு ஜரிகை நூலில் ஒரே ஒரு முடிச்சு. காதுத் தோட்டுக்கு ஒரு சின்ன மணி. கொண்டையில் மல்லிகைச் சரம் வேண்டுமென்றால் வெள்ளை நூலில் பிரெஞ்சு முடிச்சுகளை நெருக்கிப் போடலாம், தூரத்திலிருந்து பார்த்தால் பூ போலவே இருக்கும். தாத்தாவின் உருமாலுக்கு உள்ளே மடிப்புக் கோடுகளாக இரண்டு மூன்று ஓட்டுத் தையல் போதும். இவை எல்லாம் உருவத்துக்குள் இருக்கட்டும், ஓரத்தைத் தாண்டி வெளியே வர வேண்டாம்.

இன்னும் துணிந்து செய்ய ஆசையிருந்தால் தோள் பகுதியில் எம்ப்ராய்டரி செய்து பாருங்கள். தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் போர்கை என்ற குழுவாகச் சேர்ந்து தங்கள் பாட்டிமார் காலத்துத் தையலை மீட்டெடுத்துச் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய வேலையை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தால் தையலின் ஒழுங்கு என்றால் என்னவென்று தெரியும். முகம் வெறுமையாகவும் தோளில் அப்படியொரு கட்டமும் இருந்தால் கண் முதலில் தோளுக்குப் போய், அப்புறம் முகத்துக்கு ஏறும். அதை வேண்டிச் செய்தால் நல்லது, தெரியாமல் செய்தால் முகம் தோற்றுப்போகும்.

இஸ்திரி

மேசையில் தடித்த துவாலையை விரித்து, படத்தைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்திலிருந்து தேயுங்கள். தேய்ப்பது என்று சொல்லிவிட்டேனே தவிர, பெட்டியை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும், தள்ளக் கூடாது. தள்ளினால் பின்னணித் துணி குறுக்கே இழுபட்டு முகம் சாயும். முடிச்சுகளும் மணிகளும் துவாலைக்குள் அமுங்கிக்கொள்வதால் நசுங்காது. பருத்திக்குப் பருத்திச் சூடு, பாலியஸ்டர் ஃபெல்ட் என்றால் மிகக் குறைந்த சூடு, அதுவும் மேலே ஒரு மல் துணி போட்டு. தேய்த்த பிறகு பத்து நிமிடம் அப்படியே ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது தூக்கினால் ஃபியூசிங் பிடி விடும்.

அட்டையில் இழுத்துக் கட்டுவது

பலரும் இந்த இடத்தில் வெள்ளைப் பசையை எடுத்துத் துணியின் பின்பக்கம் தடவி அட்டையில் ஒட்டிவிடுகிறார்கள். அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். பசை இழை வழியாக ஊறி வெளிர் துணியில் திட்டாகத் தெரியும், காய்ந்ததும் விறைக்கும், பின்னால் ஒரு நாள் பிரித்தெடுக்க நினைத்தாலும் முடியாது. நூலால் இழுத்துக் கட்டுவதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

10 x 12 இன்ச் அட்டை எடுங்கள். அமிலமில்லாத மவுண்ட் அட்டை கிடைத்தால் அதுவே சிறந்தது. சென்னை, பெங்களூர் ஓவியப் பொருள் கடைகளில் இருக்கும், ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூர் பக்கம்தானே. கிடைக்கவில்லையென்றால் சாதாரண அட்டை மேல் துவைத்து உலர்த்திய வெள்ளைக் காடாத் துணியை ஒரு சுற்று போர்த்திக்கொள்ளுங்கள். ஹார்ட்போர்டும் சாம்பல் அட்டையும் வருடக்கணக்கில் பழுப்பை விடும். அந்தப் பழுப்பு நேராகப் படத்துக்கு வராமல் காடா கொஞ்ச காலம் தடுத்து நிற்கும்.

படத்தைக் கவிழ்த்து, அதன் மேல் அட்டையை வையுங்கள். நான்கு பக்கமும் நடுப்புள்ளியில் துணியை மடித்து, அட்டையின் தடிமனில் ஒரு குண்டூசி குத்துங்கள். திருப்பிப் பாருங்கள். முகம் நிமிர்ந்து நிற்கிறதா? கழுத்துக்கோடு சாய்ந்திருந்தால் ஆள் சோர்ந்தது போல் தெரியும். பின்னணித் துணியின் இழை அட்டை ஓரத்துக்கு இணையாக ஓடுகிறதா? சரி என்றால் நடுவிலிருந்து மூலைகளை நோக்கி இன்ச்சுக்கு ஒரு குண்டூசி வீதம் குத்திக்கொண்டே போங்கள். மூலையிலிருந்து தொடங்கினால் கடைசியில் நடுவில் தொப்பை விழும்.

முகத்தை அட்டைக்கு நட்ட நடுவில் வைக்க வேண்டாம். முகம் பார்க்கும் பக்கம் கொஞ்சம் கூடுதல் இடம் விடுங்கள். தலைக்குப் பின்னால் 2 இன்ச் என்றால் மூக்குக்கு முன்னால் 2.5 அல்லது 3 இன்ச். மூக்கு சட்டத்தை முட்டுவது போல இருந்தால் பார்ப்பவருக்கே மூச்சு முட்டும்.

இனி கட்டுவது. உறுதியான பருத்தி நூல் அல்லது கெட்டியான தையல் நூலை இரட்டையாக எடுங்கள். அட்டையின் பின்பக்கம், மேல்மடிப்பில் ஒரு குத்து, கீழ்மடிப்பில் ஒரு குத்து என்று இங்கும் அங்குமாகக் கொண்டுபோங்கள். துணி ஓரத்திலிருந்து அரை இன்ச்சாவது உள்ளே குத்த வேண்டும், இல்லையென்றால் இழுக்கும்போது நூல் துணியை அறுத்துக்கொண்டு வந்துவிடும். முழுப் பக்கமும் முடிந்த பிறகு, முதல் குத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தொய்வை எடுத்துக்கொண்டே வந்து கடைசியில் முடிச்சுப் போடுங்கள். கயிற்றுக் கட்டிலுக்குக் கயிறு இழுத்துக் கட்டுபவர்கள் செய்வதும் இதுவேதான். பிறகு இடம் வலமாக இதே வேலை. முடிந்ததும் குண்டூசிகளைக் கழற்றிவிடுங்கள், மறந்த ஊசி மழைக்காலத்தில் துருப்பிடித்துத் துணியில் கறை வைக்கும்.

எவ்வளவு இறுக்கம்? விரலால் நடுவில் மெல்லத் தட்டினால் துணி அசையக் கூடாது, ஆனால் அட்டையும் வளையக் கூடாது. அட்டை வளைந்தால் நூல் அதிகம் இழுத்திருக்கிறது.

பழைய பட்டுச் சேலையில் வெட்டிய முகம் என்றால் இந்த இழுப்பெல்லாம் தாங்காது. மடிப்பு விழுந்த இடங்களில் பட்டு ஏற்கெனவே வெடித்திருக்கும். அப்படிப்பட்ட துணிக்கு வெட்டுவதற்கு முன்பே பின்னால் மெல்லிய மல் துணியைக் கொடுத்திருக்க வேண்டும். இழுப்பு விழுவது பின்னணித் துணி மேல்தான், முகத்தின் மேல் அல்ல என்பதால் கவனமாகச் செய்தால் தப்பிக்கலாம்.

வளையமா, பிரேமா

எம்ப்ராய்டரி வளையத்திலேயே வைத்து மாட்டுவது செலவில்லாத வழி. சின்னக் குழந்தையின் முகத்துக்கு வட்டம் பொருந்தும், பெரியவர்களின் தோளோடு கூடிய உருவத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாது, வட்டம் தோளை வெட்டிவிடும். மர வளையம் எடுத்து, துணியை இறுக்கி, வளையத்துக்கு வெளியே 1 இன்ச் விட்டு வெட்டுங்கள். அந்த ஓரத்தில் ஓட்டுத் தையல் ஓட்டிச் சுருக்கி, பின்பக்கம் வட்டமாக ஒரு ஃபெல்ட் துண்டு வைத்துத் தைத்துவிட்டால் வேலை முடிந்தது. கண்ணாடி இல்லாததால் தூசு சேரும், இரண்டு மூன்று வருடத்தில் வெளிர் பின்னணி மங்கும். அதைத் தெரிந்துகொண்டே செய்யலாம்.

நீண்ட நாள் இருக்க வேண்டிய படத்துக்குக் கண்ணாடி போட்ட பிரேம்தான். அதில் மாற்ற முடியாத ஒரே விதி, கண்ணாடி துணியைத் தொடக் கூடாது. தொட்டால் தையல் நசுங்கும், ஓரம் தட்டையாகி அச்சடித்த படம் போல் ஆகிவிடும், பனிக்காலத்தில் கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்தால் அந்த ஈரம் நேராகத் துணிக்குப் போகும். தர்மபுரி வெயிலில் இருப்பவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குளிர்ச் சுவர்களில் மாட்டுபவர்கள் அசட்டையாக இருக்கக் கூடாது. அக்ரிலிக் ஷீட் லேசானது, உடையாது, ஆனால் துடைத்ததும் மின்னூட்டம் ஏறிப் பஞ்சையும் தளர்ந்த நூலையும் இழுக்கும். துணிக்குச் சாதாரணக் கண்ணாடியே நல்லது.

பிரேம் கடையில்

நம் ஊர்க் கடைகளில் நாளெல்லாம் போவது சாமி படமும் கல்யாணப் போட்டோவும்தான். கண்ணாடி, படம், ஹார்ட்போர்டு மூன்றையும் அழுத்தி ஆணி அடிப்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். சொல்லாமல் கொடுத்தால் துணிக்கும் அதேதான் நடக்கும். அதனால் கொடுக்கும்போதே பேசிவிட வேண்டும். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும் (மவுண்ட் என்பது கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே வைக்கும், நடுவில் சன்னல் போல வெட்டிய அட்டை):

"அண்ணா, கண்ணாடி துணி மேல படக் கூடாது. நடுவுல கேப் வேணும்."

"மவுண்ட் போட்டா கேப் வந்துரும்மா."

"ஒண்ணு பத்தாதுணா. தையல் இருக்கு பாருங்க. ரெண்டு மவுண்ட் ஒண்ணா ஒட்டிப் போடுங்க. பின்னாடி ஆணி அடிக்கிறப்ப இந்த நூல்ல படாம அடிங்க."

மவுண்ட் அட்டை ஒன்று சுமார் ஒன்றரை மி.மீ. தடிமன். இரண்டு சேர்ந்தால் 3 மி.மீ. இடைவெளி கிடைக்கும், சாதாரணத் தையலுக்கு அது போதும். மணி, பூ முடிச்சு எல்லாம் இருந்தால் ஆழமான பெட்டி பிரேம் கேளுங்கள், உள்ளே ஓரமாக மரக் குச்சி வைத்து 6 மி.மீ. வரை இடைவெளி விடலாம். அதற்கு மேல் வேண்டாம், சட்டத்தின் நிழல் முகத்தில் விழும். மவுண்ட் நிறம் பின்னணித் துணியை விட ஒரு பிடி அடர்த்தியாகவோ வெளிறியோ இருக்கட்டும். கோல்டு பட்டை போட்ட மவுண்ட்டைக் கடைக்காரர் ஆசையாக எடுத்துக் காட்டுவார், அன்போடு மறுத்துவிடுங்கள். கண் ஓரக் கோட்டுக்குப் போகாமல் பட்டையிலேயே நின்றுவிடும்.

சட்டம் முக்கால் இன்ச் அகலத்துக்குள், ஒரே நிறமாக இருந்தால் போதும். கிருஷ்ணகிரிப் பக்கம் கழித்த மாமரம் கிடைக்கும், அதில் தச்சரிடம் சட்டம் செய்யச் சொல்ல ஆசை வரும். செய்யலாம், ஆனால் மாமரத்தில் வண்டு துளைக்கும். நன்றாக உலர்ந்து, மருந்து பார்த்த மரமாக இல்லாவிட்டால் ஒரு நாள் சட்டத்துக்குக் கீழே மாவு கொட்டிக் கிடக்கும். தேக்கு அல்லது கடையின் ஃபைபர் சட்டம் தொல்லையில்லாதது.

அடைமழை நாளில் பிரேம் போடக் கொடுக்காதீர்கள். துணியிலும் அட்டையிலும் இருக்கும் ஈரம் கண்ணாடிக்குள்ளேயே சிறைப்படும். இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு, படத்தை நிழலில் காய வைத்துக் கொண்டுபோங்கள். கடையிலேயே நின்று, கண்ணாடி மூடுவதற்கு முன் உள்ளே முடியோ தூசியோ இருக்கிறதா என்று சாய்வெளிச்சத்தில் பாருங்கள். அடர் நிறத் துணியில் ஒரு வெள்ளைப் பஞ்சு போதும், தினமும் கண்ணை உறுத்தும்.

பின்பக்கம்

பின்பலகையை மூடியதும் விளிம்பு முழுக்கப் பிரவுன் டேப் ஒட்டச் சொல்லுங்கள். தூசிக்காக மட்டுமல்ல, இராமபாணப் பூச்சிக்காகவும். கீழ்மூலைகள் இரண்டிலும் சின்ன ஃபெல்ட் வட்டமோ ரப்பர் பொட்டோ ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று ஓடும்.

அப்புறம் பெயர். முன்னால் எழுத வேண்டாம், பின்னால் கட்டாயம் எழுதுங்கள். யாருடைய முகம், எந்த ஆண்டு, யார் வெட்டியது, துணி யாருடைய சேலை. போட்டோவில் முகம் தெரியும், அடையாளம் சொல்ல ஒருவராவது இருப்பார். நிழலுருவத்தில் ஒரு தலைமுறை தாண்டினால் யாரென்றே தெரியாது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கில் முகம் வெட்டிய ஓகூஸ்த் எதுவார் ஒவ்வொன்றுக்கும் ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பெயரும் தேதியும் குறித்து வந்தார். 1849-இல் ஒரு கப்பல் விபத்தில் அதில் பெரும்பகுதி போயிற்று. மிஞ்சியவை யார் முகம் என்று இன்றும் தெரிவது அந்தக் குறிப்பால்தான். அவ்வளவு தூரம் போகவே வேண்டாம், தர்மபுரி அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களைப் பாருங்கள். செதுக்கிய வீரனின் முகத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், எந்தச் சண்டையில், யார் விழுந்தான் என்று பல கற்களில் எழுத்து இருக்கிறது.

பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கசியும். தனித்தாளில் எழுதிப் பின்பலகையின் வெளிப்பக்கம் ஒட்டினால் போதும், துணியில் எழுத வேண்டாம்.

தொங்கவிட வளையங்களை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கத்தில் இருபக்கமும் திருகுங்கள். மவுண்ட்டும் சேர்த்து பிரேம் 12 x 14 இன்ச் என்றால் 2 மி.மீ. கண்ணாடி மட்டுமே அரைக் கிலோவுக்கு மேல் வரும். சணல் கயிறு வேண்டாம், முறுக்கிய படக்கம்பி போடுங்கள்.

எங்கே மாட்டுவது

முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் பேசிவிடுங்கள். நம் பக்கம் சுவரில் தனியாக, சட்டம் போட்டு, ஒற்றை முகம் தொங்கினால் அது யாரோ போய்ச் சேர்ந்தவர் என்று வந்தவர்கள் நினைக்கக் கூடும். அதுவும் கருப்பு உருவம், பக்கத்தில் சந்தன மாலை போட்ட தாத்தா படம் என்றால் கேட்கவே வேண்டாம். உயிரோடு இருப்பவரின் நிழலுருவத்தை மறைந்தவர் படங்களின் வரிசையில் மாட்டாதீர்கள். மாலை, பொட்டு, சின்ன பல்பு எதுவும் வேண்டாம். இரண்டு மூன்று பேராகச் சேர்த்து, குடும்ப வரிசையாக மாட்டினால் இந்தச் சங்கடமே இருக்காது. கணவன் மனைவி என்றால் முகம் பார்த்து இருக்கட்டும். முதுகு காட்டி மாட்டிவிட்டு உறவினர் கிண்டலை வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

மறைந்தவருக்காகவே செய்த படம் என்றால் மாலை சட்டத்தின் மேல் தொங்கட்டும், குங்குமம் கண்ணாடியில் வைக்கலாம். விளக்குப் புகையும் ஊதுபத்திப் புகையும் நேராக ஏறாதபடி இரண்டடி தள்ளி வையுங்கள். பூச்சரத்தின் ஈரம் கண்ணாடி ஓரத்தில் இறங்கும், வாடிய பூவை அன்றன்றே எடுத்துவிடுங்கள்.

மேற்குச் சன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டவே வேண்டாம். மாலை வெயில் பட்டால் கருப்பு பழுப்பாகும், அரக்கு வெளிறும். சமையலறைச் சுவர், குளியலறைக்கு ஒட்டிய சுவர், ஐப்பசி மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவர் மூன்றையும் ஒதுக்குங்கள். ஓதம் இருக்கிறதா என்று தெரிய, பாலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். உள்ளே முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் வேறு சுவர்.

உயரத்துக்கு, படத்தின் நடு தரையிலிருந்து சுமார் 57 இன்ச் என்பது நின்று பார்ப்பவர்களுக்கான கணக்கு. பாயிலோ கட்டிலிலோ உட்கார்ந்து பேசும் கூடம் என்றால் அரையடி இறக்குங்கள். நம் வீடுகளில் படங்கள் பரண் உயரத்தில் தொங்கும் வழக்கம் இருக்கிறது. அந்த உயரத்தில் மூக்குத்தி முடிச்சு யாருக்கும் தெரியாது.

வெளிச்சம் எதிரிலிருந்து வந்தால் கண்ணாடியில் டியூப்லைட்தான் தெரியும், முகம் தெரியாது. மேலே ஒரு பக்கமாக, சாய்வாக விழும் சின்ன எல்ஈடி விளக்கு வையுங்கள். துணியின் தடிமன் அரை மி.மீ. நிழலைப் பின்னணி மேல் போடும். அந்த மெல்லிய நிழல்தான் இது அச்சு அல்ல, கையால் வெட்டிய துணி என்று காட்டுவது. முகம் பார்க்கும் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் நிழல் பின்னந்தலைப் பக்கம் விழும், நெற்றிக்கோடும் மூக்கும் சுத்தமாக நிற்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் மூக்கின் கோடு மங்கும். அதனால் எந்தச் சுவர் என்று முடிவு செய்யும்போதே எந்தப் பக்கம் பார்த்த முகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சிமென்ட் சுவரில் 6 மி.மீ. துளை போட்டு, பிளக் வைத்து ஸ்க்ரூ முடுக்குங்கள். இரண்டு கொக்கி, நான்கு இன்ச் இடைவெளியில் வைத்தால் படம் கோணாது. மண்சுவர் வீட்டில் ஆணியைச் சுவரில் அடிக்காமல் மேலே ஓடும் மரச்சட்டத்திலிருந்து கம்பியை இறக்கித் தொங்கவிடலாம். வாடகை வீட்டில் துளை போட விடமாட்டார்கள் என்றால் அலமாரியின் மேல் சாய்த்து வையுங்கள், கீழே வழுக்காமல் ஒரு ரப்பர் துண்டு.

மாட்டிய பிறகு

கண்ணாடி மேல் நேராகத் தண்ணீரோ லிக்விடோ தெளிக்காதீர்கள், சட்டத்துக்குள் ஓடிப் போகும். துணியை நனைத்துப் பிழிந்து துடைக்க வேண்டும். கண்ணாடி இல்லாத வளையத்துக்கு, மேலிருந்து கீழாக மென்மையான மேக்கப் பிரஷ் போதும். ஓரத்தில் பிரஷ் போகும்போது உருவத்துக்குள்ளிருந்து வெளியே தள்ளுங்கள், எதிர்த்திசையில் தள்ளினால் இழை எழும்.

வருடத்துக்கு ஒரு முறை, மழை முடிந்து தை பிறந்ததும் இறக்கிப் பாருங்கள். டேப் பிரிந்திருக்கிறதா, பின்னால் பல்லி முட்டை இருக்கிறதா, கம்பி தேய்ந்திருக்கிறதா. உள்ளே சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை. பிரேமைத் திறந்து நிழலில் நன்றாக உலர்த்தி, வீட்டுக்கு வெளியே வைத்துப் பிரஷ்ஷால் தட்டி, புது டேப் ஒட்டுங்கள். வேப்பிலையைக் காய வைத்து பிரேமுக்குள் போடும் பழக்கம் வேண்டாம், இலை பொடிந்து கறை வைக்கும். அந்துருண்டையும் உள்ளே கூடாது.

பரிசாக வெளியூருக்குக் கொடுப்பதாக இருந்தால் கண்ணாடி மேல் குறுக்கும் நெடுக்குமாக மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வழியில் உடைந்தாலும் சில்லு துணியை வெட்டாது. மூலைகளுக்கு அட்டை, மேலே பழைய போர்வை. பஸ்ஸில் கொண்டுபோனால் மேலே லக்கேஜில் போடாமல் மடியில் நிறுத்தி வையுங்கள், படுக்க வைத்தால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் கண்ணாடி அதிரும்.